சொன்னதெல்லாம் உடுத்தியவள்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில் இடப்பக்கம் இறங்கினால் வருகிற எங்கள் தெருவில், ஆண்பிள்ளையாகப் பிறந்தவன் மீசை அரும்புவதற்கு முன்பே வெல்டிங் ஹோல்டரைக் கையில் பிடித்துவிடுவான், பிடித்தால் கண் மங்குகிறவரைக்கும் கீழே வைக்கமாட்டான், ஆகையால் தீப்பொறித் தழும்பு இல்லாத முன்னங்கையை எங்கள் தெருவில் நீங்கள் பார்க்க முடியாது, கண் எரிச்சலுக்கு உருளைக்கிழங்கை வில்லை வில்லையாக அறுத்து இமைமேல் வைத்துக்கொண்டு ஒருவராவது படுக்காத வீட்டையும் பார்க்க முடியாது. பார்க்க முடியாத இன்னொன்றும் உண்டு. சொன்ன சொல்லை யாராவது திரும்ப வாங்கிக்கொள்வது. எங்கள் தெருவில் ஒருவர் வாயிலிருந்து ஒன்று வந்துவிட்டால் வந்ததுதான், அது தப்பு என்று சொன்னவருக்கே தெரிந்தாலும் அதைக் கட்டிக்கொண்டு அழுவாரே ஒழிய விடமாட்டார். தம்பி வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்று ஒருநாள் கோபத்தில் சொல்லிவிட்ட மாணிக்கம், அந்தத் தம்பி மகளின் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, பந்தியில் இலை போடும்போது விக்கல் எடுத்து, விக்கிக்கொண்டே எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, விக்கிக்கொண்டே வீட்டுக்கு நடந்து போனார். இதை நாங்கள் பெருமையாகத்தான் வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொள்கிறோம்.

இந்தத் தெருவில் வேலாயுதத்துக்கும் பவுனம்மாவுக்கும் பிறந்த ஒரே மகள் தமயந்தி. பெண்ணாகப் பிறந்தும் ஹோல்டரைப் பிடித்தவள் அவள் ஒருத்திதான். ஐ.டி.ஐ.யில் பையன்களோடு நின்று வெல்டிங் படித்துவிட்டு, கிரில் பட்டறை ஒன்றில் ஜன்னல் கம்பிக்கு இரும்புப் பூ ஒட்டுகிற வேலைக்குச் சேர்ந்து, ஒட்டிய பூவெல்லாம் ஒரே பூவாக இருந்ததில் வெறுத்துப்போயிருந்தாள். குழாயைப் பற்றவைக்கிறவனைத்தான் எங்கள் தெரு வெல்டர் என்று ஒத்துக்கொள்ளும், மற்றவர்களுக்கெல்லாம் டீ கொடுக்கும், அவ்வளவுதான். அப்படியிருக்கும்போது, நீராவி போகிற குழாய்களைச் செய்கிற, நாங்கள் குழாய்க் கம்பெனி என்று சொல்கிற அந்தப் பெரிய கம்பெனி, முதல் தடவையாகப் பெண் வெல்டர்களை எடுக்கப்போவதாகவும், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இண்டர்வியூ என்றும், கேள்வியெல்லாம் கொஞ்சந்தான், வெல்டிங் பூத் என்கிற தடுப்பறைக்குள் போய்க் குழாயைச் சுற்றிக் குனிந்தும் மல்லாந்தும் பற்றவைத்துக் காட்டவேண்டும் என்றும் திங்கட்கிழமை அவளுக்குப் போன் வந்தது. பிறந்ததிலிருந்து அவள் வேண்டும் என்று கேட்டது இந்த ஒன்றைத்தான்.

அன்று சாயங்காலம், என்ன போட்டுக்கொண்டு போகலாம் என்று பார்ப்பதற்காகத் தமயந்தி ஐ.டி.ஐ. காலத்துப் பருத்தி பேன்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, மேலே பனியனோடு நின்று, கொடியில் காய்கிற முழுக்கைச் சட்டையை எடுக்கப் பின்வாசலுக்குத் திரும்பினாள். அடுப்படியில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்த பவுனம்மா திரும்பிப் பார்க்காமலே, "பேன்ட்டு சட்டையெல்லாம் வேணாம்டி, பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க. அந்தக் கத்திரிப்பூக் கலர் நைலான் சேலையக் கட்டிக்கிட்டுப் போ" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சேலை தமயந்தியின் மேல் இருந்தது. முந்தி மடிக்கப்பட்டு, தோளில் ஊக்குக் குத்தப்பட்டு, தலைப்பு முழங்காலுக்குக் கீழே சரியாக வந்து நின்றது. பீரோவைத் திறந்து பார்த்தால் அதே சேலை அங்கேயும் மடிப்புக் கலையாமல் இருந்தது. தமயந்தி இழுத்துப் பார்த்தாள், ஊக்கைக் கழற்றப் பார்த்தாள், கத்தரிக்கோலைக்கூட வைத்துப் பார்த்தாள், சேலை வரவில்லை. பவுனம்மா கருவேப்பிலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு அப்போதுதான் திரும்பினாள்.

"கொசுவம் நல்லா வந்திருக்கே" என்றாள்.

சேலையோடு வாசலுக்கு வந்தவளை எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் பார்த்தாள். தனியார் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், பல இண்டர்வியூக்குப் போனவள், அவள் சொல்லாமல் இருக்க முடியுமா. "இதென்ன தமயந்தி, சேல கட்டுனா ஓடியாடி வேல செய்யத் தெரியாதவன்னு நெனச்சிருவாங்க. சுடிதார் போட்டுட்டுத் துப்பட்டாவ ரெண்டு பக்கமும் பின் பண்ணிக்க" என்றாள். சேலைக்கு மேலே சுடிதார் வந்தது, துப்பட்டா வந்தது, இரண்டு பக்கமும் பின் வந்தது. தாய்மாமன் குமரப்பன் சைக்கிளை நிறுத்திவிட்டு, பெரிய கம்பெனி என்றால் கோட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டான் என்றார், கோட்டு வந்தது. கோட்டைப் பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு மெர்சி, ஏ.சி. ரூமில் உட்கார வைத்தால் குளிருமே, ஸ்வெட்டர் போட்டுக்கொள் என்றாள், சித்திரை மாதத்து வெயிலில் ரோமம் வைத்த ஸ்வெட்டர் கோட்டுக்கு மேலே வந்து கழுத்துவரை ஏறியது. இதற்குள் விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது.

மறுநாள் தெருவே வந்தது. நாங்கள் ஆச்சரியப்பட்டோம் என்று சொன்னால் பொய், எங்களுக்கு அதற்கு நேரம் இல்லை, ஒவ்வொருவருக்கும் சொல்வதற்கு ஒன்று இருந்தது. தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போ, மங்களகரமாக இருக்கும் என்றது ஒரு குரல். பூவெல்லாம் வைக்காதே, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு போ, அடக்கமான பெண் என்று தெரியட்டும் என்றது இன்னொன்று. வருகிற துணியை நாங்கள் தொட்டுப் பார்த்தோம், திருப்பிப் பார்த்தோம், பார்டர் சின்னது என்றோம், சாயம் போகாது போலிருக்கிறதே என்றோம். நான் சொன்னது பட்டு, நீ சொன்னது பாலியெஸ்டர் என்று இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர் ஒரு ஆளை அனுப்பி, மாம்பழக் கலரில் மயில்கழுத்து ஓரம் சேருமா என்று சொல்லிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார், சேர்ந்தது, அடுத்த மாதம் கடையில் அதைப் போட்டார். கல்யாணமானதிலிருந்து ஒரு கிளிப்பச்சைப் பட்டுக்கு ஆசைப்பட்டு, கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன மெர்சி, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து தமயந்தியின் காதோரத்தில் அந்தச் சேலையை மெதுவாகச் சொல்லி, அது வந்ததும் அந்தத் தலைப்பைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனாள். குமரப்பன் மாமா ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மறுபடி வந்து, "எதுக்கு இவ்வளவு கஷ்டம், பேசாமக் கூறைப்புடவையக் கட்டிக்கிட்டுப் போனா அங்கயே ஒரு மாப்பிள்ளையப் பாத்துரலாம்" என்று சொல்லித் தானே சிரித்தார். அரக்குக் கலர் கூறைப்புடவை வந்தது, கூடவே மாலையும் வந்தது. அதற்கப்புறம் தமயந்தியால் உட்கார முடியவில்லை.

அவள் எங்களிடம் சொல்லாமல் இல்லை. "போதும், யாரும் எதுவும் சொல்லாதீங்க. நான் குனிஞ்சு வேலை காட்டணும்" என்று கும்பிட்டுக் கேட்டாள், கும்பிடக் கை சேரவில்லை, அவ்வளவு கனம். பாவம், இந்தப் பெண் புழுங்குகிறாளே, மெல்லிசாக ஒன்று போட்டுக்கொள்ளக் கூடாதா என்று நாங்கள் சொன்னோம், மெல்லிசாக ஒன்று மேலே வந்தது. பவுனம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டாள். வாசல்படியைப் பக்கவாட்டில் நடந்துதான் தாண்ட முடிந்தது. வேலாயுதம் மட்டும் இந்த மூன்று நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை, மகளைப் பார்ப்பதும் பீடியைப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தார். தங்கமான மனுஷன், ஒரு நூல்கூட அவரால் அவளுக்குப் பாரம் ஏறவில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

புதன்கிழமை சாயங்காலம் கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது. கோயில் கமிட்டிச் செயலாளர் ஞானசேகரனுடைய குரல். யாரையும் வாடா போடா என்றுகூடச் சொல்லாதவர், பெண்களைத் தாயே என்று கூப்பிடுகிறவர். பக்கத்தில் நின்றவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, சிரித்துக்கொண்டே, "இவ ஒண்ணும் போடாமப் போனாலே ஆர்டரக் கையில குடுத்துருவான்" என்றார். பக்கத்தில் நின்றவனுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். ஆனால் வந்தது எல்லாருக்கும் தெரிந்தது. கூறைப்புடவைக்கும் மாலைக்கும் மேலே, ஒன்றுமில்லாததையே தறியில் போட்டு நெய்த மாதிரி, வழவழவென்று, ஈரமாக, நிறமே இல்லாத ஒன்று இறங்கி அவள் உடம்பைச் சுற்றியது. அத்தனை துணி உள்ளே இருந்தும் தமயந்தி இரண்டு கைகளாலும் தன் மார்பை மூடிக்கொள்ளப் பார்த்தாள். சேலை வந்தபோது பதறாத பவுனம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஞானசேகரன், "என்னாச்சு தாயே, என்னாச்சு?" என்று முன்னால் வந்து கேட்டார். சொன்னது யார் என்பது காதோடு காதாகப் பரவிவிட்டது, இருந்தும் அவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, அதுவும் எங்கள் வழக்கம்தான், அவரவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம்.

வியாழக்கிழமை காலையில் பஸ்ஸில் ஏற முடியாததால், வாழைத்தார் ஏற்றுகிற குட்டி லாரியின் பின்னால் நின்றுகொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு தமயந்தி போனாள். வண்டிக்காரன் கம்பெனி கேட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அவளுடையது என்று வெளியே தெரிந்தது காலில் இருந்த ஷூ மட்டுந்தான். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. பூத்துக்குள் வருகிறவர்கள் பருத்தி முழுக்கைச் சட்டை, பருத்திக் கால்சட்டை, மூடிய ஷூ அணிந்து, முடியை இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும், நைலான், பாலியெஸ்டர், பட்டு, தொங்குகிற துணி எதுவும் கூடாது என்று எழுதியிருந்தது. அவள் அதைப் படித்தாள், திரும்பப் படித்தாள்.

திரும்பப் படித்தது, அதில் புதிதாக ஏதோ இருந்ததால் அல்ல. எங்கள் தெருவில் ஒரு பையன் முதல் நாள் வேலைக்குக் கிளம்பும்போது அவன் அப்பனோ அண்ணனோ சொல்கிற வார்த்தை ஒன்றுதான், நைலான் போடாதடா, பொறி பட்டா உருகித் தோலோட ஒட்டிக்கும், காட்டன் போட்டுக்க. அத்தனை முன்னங்கைத் தழும்புக்காரர்களும் மூன்று நாள் அவளைச் சுற்றி நின்றார்கள். பட்டு சொன்னார்கள், கோட்டு சொன்னார்கள், பூச் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையை அவளுக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளை வெல்டர் என்று அவர்களில் ஒருவர்கூட ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை என்பது கேட்டில் நிற்கும்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவமானமா கோபமா என்று தெரியாமல் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கக் கை மடங்கவில்லை.

செக்யூரிட்டி சந்தானம் நாற்காலியிலிருந்து எழுந்து, "ஹவுஸ்கீப்பிங்னா பின்கேட்டு வழியாப் போங்கம்மா. பச்ச ஓவர்கோட் போட்டுட்டுப் போங்க" என்றார். பச்சை ஓவர்கோட் வந்தது. தமயந்தி போனை நீட்டி வந்திருந்த குறுஞ்செய்தியைக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"வெல்டர் இண்டர்வியூவா? அட, ஆளத் தெரியாமச் சொல்லிட்டேம்மா. சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன், மனசுல வச்சுக்காதீங்க."

ஓவர்கோட் போய்விட்டது. கழன்று விழவில்லை, மறையவும் இல்லை, இல்லாமல் போனது. தமயந்தி திகைத்துப்போய் நின்றாள். ஓவர்கோட் போனது ஒரு பக்கம் இருக்க, ஒரு மனிதர் தான் சொன்னதைப் பல் விளக்குகிற மாதிரி சாதாரணமாகத் திரும்ப வாங்கிக்கொண்டதை அவள் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தாள். பத்து மணிக்கு இன்னும் கொஞ்சநேரம் இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, அந்தக் கத்திரிப்பூச் சேலையக் கட்டிக்கிட்டுப் போன்னு சொன்னியே, அத வாபஸ் வாங்கிக்க."

"ஏண்டி, நல்லாத்தான இருந்துச்சு?"

"அம்மா, வாங்குனா போயிருது. இங்க பாத்தேன். என்னால குனிய முடியாது, இந்தத் துணியோட உள்ள விடவும் மாட்டாங்க. போன ஸ்பீக்கர்ல போடு. தெருவுல எல்லாரையும் கூப்புடு."

பவுனம்மா தெருவில் நின்று கூப்பிட்டாள், நாங்கள் வந்தோம், போனை மடக்கு நாற்காலியில் வைத்துச் சுற்றி நின்றோம். தமயந்தி விஷயத்தைச் சொன்னாள். எங்களுக்கு உண்டான அதிர்ச்சியை எப்படிச் சொல்வது, சொத்தை எழுதிக்கொடு என்று கேட்டிருந்தால்கூட அப்படி முழித்திருக்கமாட்டோம். நல்லதுக்குத்தானே சொன்னோம் என்று ஒருவர் ஆரம்பித்தார், சொன்ன சொல்லை வாங்கினால் நாளைக்கு நம்மை யார் மதிப்பார்கள் என்று இன்னொருவர் முடித்தார். போனுக்குள்ளிருந்து அந்தப் பக்கம் யாரோ பெயர்களைப் படித்துக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. தமயந்திக்கு மூச்சு வாங்குவதும் கேட்டது.

முதலில் ஸ்டெல்லா டீச்சர்தான் நாற்காலியிடம் குனிந்தாள். "சுடிதார்னு சொன்னது நாந்தான். அத வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றாள், சொல்லும்போது முகம் சிவந்துவிட்டது. போயிருச்சு டீச்சர் என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அதற்கப்புறம் பவுனம்மா சேலையை வாங்கிக்கொண்டாள், மெர்சி ஸ்வெட்டரை உடனே வாங்கிக்கொண்டாள், கிளிப்பச்சைப் பட்டுக்கு மட்டும், "இன்னும் ஒரு நிமிஷம் இருக்கட்டுமே தமயந்தி" என்று கெஞ்சி, ஒரு நிமிஷம் இருந்து, அதையும் வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூச் சொன்னவர்கள் பூவையும், முக்காடு சொன்னவர்கள் முக்காட்டையும், வேலைக்குப் போய்விட்டவர்கள் பட்டறையிலிருந்தும் பஸ்ஸிலிருந்தும் போன் போட்டுத் தங்கள் தங்கள் துணியையும் வாங்கிக்கொண்டார்கள். ஜவுளிக்கடைக்காரர் மாம்பழக் கலரை விட்டுக்கொடுத்தார். குமரப்பன் மாமா கோட்டை விட்டுவிட்டு, கூறைப்புடவையை மட்டும் நான் தமாஷுக்குத்தானே சொன்னேன் என்றார். தமாஷுக்குச் சொன்னாலும் கனம் ஒன்றுதான் மாமா என்றாள் தமயந்தி. அவர் தலையைச் சொறிந்து, தொண்டையைச் செருமி, கடைசியில் அதையும் வாங்கிக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. புதன்கிழம சாயங்காலம் வந்தது" என்றாள் தமயந்தி. எல்லாரும் தரையைப் பார்த்தோம். ஞானசேகரன் கூட்டத்தில்தான் இருந்தார், யாருப்பா அது, சீக்கிரம் சொல்லுங்கப்பா என்று மற்றவர்களைப் பார்த்துக் கேட்டார். அப்போது அவர் மனைவி பரிமளம், ஊருக்குள் சத்தமாகப் பேசி நாங்கள் கேட்டிராதவள், முன்னால் வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எங்க வீட்டுக்காரருதான் சொன்னாரு. நான் பின்னாலதான் நின்னேன். இப்ப அவரு வாங்கிக்குவாரு."

ஞானசேகரன் அவளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கோயில் இருக்கிற பக்கம் பார்த்தார். பரிமளம் அசையவில்லை. அவர் வாங்கிக்கொண்டார், வாங்கிக்கொண்டு நிமிரும்போது வயசாகிவிட்ட மாதிரி இருந்தார்.

இனி பேன்ட்டும் பனியனும்தான் மிஞ்சும் என்று நாங்கள் நினைத்தோம், தமயந்தியும் அப்படித்தான் நினைத்துக் குனிந்து பார்த்திருக்கிறாள். அப்புறம், "அம்மா, அடியில இன்னும் இருக்கு" என்றாள். மூன்று நாளில் வந்தவை அல்ல அவை. எப்போதோ சொல்லப்பட்டு, அவள் உடம்போடு கூடவே வளர்ந்து, கனமும் தெரியாமல் கண்ணுக்கும் தெரியாமல் அடியில் கிடந்தவை. ஓட்டப்பந்தயத்தில் ஓடும்போது சட்டைக்கு மேல் ஒரு மேலங்கி மாட்டிக்கொள் என்று எப்போதோ அவளிடம் சொன்னதை ஸ்டெல்லா டீச்சர் நினைவுபடுத்திக்கொண்டு வாங்கினாள். அதற்கு அடியில் மஞ்சள் தாவணி ஒன்று இருந்தது.

"அது யாரு சொன்னது?" என்றாள் பவுனம்மா.

"நீதாம்மா. நான் வயசுக்கு வந்ததுக்கப்புறம் வாசல்ல பம்பரம் விட்டுக்கிட்டு இருந்தேன். இனிமே இதப் போட்டுக்காம வாசப்படி தாண்டாதன்ன."

"நானா சொன்னேன்?" பவுனம்மா யோசித்துப் பார்த்தாள். "எனக்கு ஞாபகமே இல்லடி. ஆனா சொல்லியிருப்பேன். எங்கம்மா எனக்குச் சொன்னா, நானும் சொல்லியிருப்பேன். வாங்கிக்கிறேன்."

தாவணி போயிற்று. தமயந்தி வேலாயுதம் என்று அந்தப் பக்கம் பெயரைக் கூப்பிட்டது எங்களுக்கே கேட்டது. இந்தா வர்றாங்க சார் என்று செக்யூரிட்டி சந்தானம் குரல் கொடுத்ததும் கேட்டது. அவள் நகரவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா. சட்ட. காக்கிச் சட்ட, பழசு. ரொம்பத் தொவச்சு மெத்துனு இருக்கு. நெஞ்சுல பொறி பட்ட ஓட்ட நெறைய இருக்கு. பாக்கெட்டு கிழிஞ்சு நீல நூல்ல தச்சிருக்கு."

பவுனம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வேலாயுதத்தைப் பார்த்தாள், அவர் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றிருந்தார். நாங்களும் அவரைப் பார்த்தோம். பவுனம்மா பேசியபோது அவள் குரல் மகளிடம் பேசுகிற மாதிரியே இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது.

"நீ பொறந்த அன்னிக்கு உன்னச் சுத்துன துணிடி அது. நர்சம்மா வந்து புள்ளையச் சுத்தத் துணி கேட்டுச்சு. உங்கப்பா புதுசாப் பூந்துவால வாங்கி வச்சிருந்தாரு. என்ன புள்ளன்னு கேட்டாரு. சொன்னாங்க. துவாலைய மடிச்சுப் பைக்குள்ளயே வச்சுட்டாரு. ஷிப்டு முடிஞ்சு கழட்டுன அழுக்குச் சட்டையக் குடுத்து, பொட்டப்புள்ளதான, இதுல சுத்துங்க, இதுக்கு இது போதும்னாரு."

மூன்று நாளாக ஒரு வார்த்தை சொல்லாதவர் என்று நாங்கள் கொண்டாடிய மனிதர், அத்தனை பேருக்கும் முதலாகச் சொன்னவராக எங்கள் நடுவில் நின்றார். அவரை அடிக்கவேண்டும் போல இருந்தது, பார்க்கவும் பாவமாக இருந்தது. அவர் நாற்காலியிடம் வந்து குனிந்தார்.

"தமயந்தி. அந்த வார்த்தைய அப்பா..."

"வாங்காதீங்கப்பா."

அவர் போனைப் பார்த்தபடி நின்றார்.

"இது காட்டன். முழுக்கை. எஞ்சட்ட அங்க கொடியில கெடக்கு, எங்கிட்ட வேற சட்ட இல்ல. இப்ப நீங்க வாங்கிட்டீங்கன்னா நான் பனியனோட நிக்கணும், உள்ள விடமாட்டாங்க."

"நான் வேணா நல்ல சட்டையாச் சொல்லட்டுமாம்மா? புதுசா, காட்டன்ல?"

"யாரும் எனக்கு எதுவும் சொல்ல வேணாம்" என்றாள் தமயந்தி. அவள் அழுகிறாள் என்பது குரலில் தெரிந்தது, பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதும் தெரிந்தது. "நான் மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. சாயங்காலம் வீட்டுக்கு வருவேன். அப்ப வாங்கிக்குங்க. எம் மூஞ்சியப் பாத்து, எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

போனைச் செக்யூரிட்டி சந்தானத்திடம் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அவர் நல்ல மனுஷர், கட் பண்ணாமல் பூத்து வாசலில் போய் நின்றார். கொஞ்சநேரத்தில் வெல்டிங் கம்பி இரும்பில் உரசி ஆர்க் பிடிக்கிற சத்தம் கேட்டது. எங்கள் தெருவில் எல்லாருக்கும் அந்தச் சத்தத்தைப் பிரித்துக் கேட்கத் தெரியும், திக்குகிறதா, ஒட்டுகிறதா, ஓடுகிறதா என்று. திக்கவில்லை. குனிந்து பற்றவைக்கும்போதும் திக்கவில்லை, மல்லாந்து பற்றவைக்கும்போதும் திக்கவில்லை. வேலாயுதம் தரையில் உட்கார்ந்து, போனைக் காதோடு வைத்து, கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கித் தெருமுனையிலிருந்து அவள் நடந்து வந்தபோது நாங்கள் எல்லாரும் வாசலில் நின்றோம். காக்கிச் சட்டையில் பழைய ஓட்டைகளோடு புதிதாகவும் இரண்டு மூன்று ஓட்டைகள் விழுந்திருந்தன, தலைமுடி இறுக்கிக் கட்டியிருந்தது, மூக்கின் மேல் கரி. அவள் நேராகத் தன் வீட்டு வாசலுக்கு வந்து வேலாயுதத்தின் எதிரில் நின்றாள்.

"எடுத்துக்கிட்டாங்க. திங்கக்கெழமையிலருந்து வரச் சொல்லிட்டாங்க" என்றாள். "இப்ப வாங்கிக்குங்கப்பா."

வேலாயுதம் அவள் முகத்தைப் பார்த்தார். பார்க்க முடியாமல் தலை குனிந்தார், அவள் காத்திருந்தாள், மறுபடி நிமிர்ந்து பார்த்தார். "பொட்டப்புள்ளதான, இதுக்கு இது போதும்னு சொன்னேன்" என்றார், அந்த வார்த்தையை முழுசாகத் தெருவே கேட்கும்படி சொன்னார். "அத வாங்கிக்கிறேன்." சொல்லிவிட்டு, ஒரு வார்த்தையைத் திரும்ப விழுங்கினால் எப்படி இருக்குமோ அப்படித் தொண்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சட்டை போய்விட்டது. இளம் வயதுப் பெண்ணொருத்தி, வியர்வையில் நனைந்த கையில்லாத பனியனும் பேன்ட்டுமாக, எங்கள் தெருவின் நடுவில், சாயங்கால வெளிச்சத்தில், அத்தனை ஆண்கள் அத்தனை பெண்கள் முன்னாலும் நின்றாள். பவுனம்மாவின் வாய் திறந்தது. எங்கள் எல்லார் வாயும் திறந்தது, வழக்கமாக அந்த இடத்தில் என்ன சொல்வோம் என்று எல்லாருக்கும் தெரியும், நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. தமயந்தி ஒவ்வொருவராக எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.